சில அலகுகளால் பல ஒலிகள்
(மாடுலர் சிந்தசைசர் பற்றிய ஒரு பாடம்)

ஒலி அதிர்வினாற் பிறக்கிறது. அதற்குச் சுருதி, உரப்பு, பண்பு என்னும் மூன்று குணங்கள் உண்டு. இச்செய்தியைப் பள்ளி மாணவர் யாவரும் பாடநூலிற் படித்துத் தேர்விலும் எழுதிவிடுகின்றனர். ஆயினும் இம்மூன்று குணங்களையும் தனித்தனியே பிரித்து, கையால் மாற்றி, காதாற் கேட்டறியும் வாய்ப்பு அவர்களுட் பெரும்பாலோருக்குக் கிட்டுவதில்லை. இசைக்கவை சுருதியைக் காட்டும். அதன் பண்பை மாற்ற இயலாது. வீணையும் குழலும் பண்பின் வேற்றுமையைக் காட்டும். அவ்வேற்றுமை எதனால் அமைந்தது என்று பிரித்துப் பார்க்க இடந்தரமாட்டா.

மாடுலர் சிந்தசைசர் எனப்படும் மின்னணுக் கருவி இக்குறையைத் தீர்க்க வல்லது. ஒலியின் ஒவ்வொரு குணத்தையும் ஆள்வதற்கு அதில் ஒரு தனி அலகு உண்டு. ஆனால் இக்கருவியைப் பற்றிய படங்களில் நூற்றுக்கணக்கான குமிழ்களும், சிக்குண்ட வடங்களும், சுவரளவு உயர்ந்த பெட்டிகளுமே காணப்படுகின்றன. அவற்றைப் பார்க்கும் ஆசிரியர், "இது நம் பள்ளிக்கு ஆகாது" என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார். அவ்வெண்ணம் தவறு என்பதைக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம். ஆறே அலகுகள் போதும். கேட்கத்தக்க ஒலியின் வளம் அலகுகளின் எண்ணிக்கையில் இல்லை. எந்த அலகு எந்த அலகை ஆள்கிறது என்னும் இணைப்பு முறையிலேயே உள்ளது.

1. கருவியின் தோற்றம்

1963-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் நகரில் இசையாசிரியர்களின் மாநாடு ஒன்று நடைபெற்றது. அங்கு ராபர்ட் மூக் என்னும் பொறியியலறிஞரும், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையாசிரியரும் முதன்முறையாகச் சந்தித்தனர். 1964-ஆம் ஆண்டுக் கோடையில் இருவரும் ட்ரூமன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் மூக்கின் பட்டறையில் ஒன்றாக உழைத்து, மின்னழுத்தத்தால் ஆளப்படும் ஒலி அலகுகளின் முதல் மாதிரிகளை உருவாக்கினர். ஒலியைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரு வழி வேண்டுமென்று டாய்ச் கேட்டபோது, வாசல் மணிக்கு உரிய சாதாரணப் பொத்தான் ஒன்றே முதலிற் பயன்பட்டது. ஆசிரியர் ஒருவரின் தேவையும் பொறியியலார் ஒருவரின் கைத்திறனும் கூடிப் பிறந்த கருவி இது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஏறத்தாழ அதே காலத்தில், அந்நாட்டின் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ நகரில், மார்ட்டன் சுபாட்னிக், ரமோன் செண்டர் என்னும் இசையமைப்பாளர்களின் வேண்டுகோளின்படி டொனால்டு புக்லா என்பார் இத்தகைய கருவி ஒன்றைத் தனியே அமைத்தார். மூக்கின் கருவியிற் பியானோவைப் போன்ற கட்டைகள் இருந்தன. புக்லாவோ அவற்றை விலக்கித் தொடு தகடுகளை வைத்தார். பழகிய விரல் பழகிய இசையையே தேடும் என்பது அவர் கருத்து.

இன்று பரவலாக வழங்குவது யூரோராக் எனப்படும் சிறிய அமைப்பாகும். ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த டீட்டர் டோப்ஃபர் என்பார் 1990-களின் நடுவில் இதனை வகுத்தார். இதில் ஒவ்வோர் அலகின் முகப்பும் 128.5 மில்லிமீட்டர் உயரமுடையது. +12 வோல்ட், −12 வோல்ட் ஆகிய இரு மின்னழுத்தங்களில் இயங்குவது. வெவ்வேறு தயாரிப்பாளரின் அலகுகளையும் ஒரே சட்டத்திற் பொருத்தலாம்.

2. மின்னழுத்தமே பொது மொழி

இக்கருவியின் உயிர்நிலையான கருத்து ஒன்றே: குமிழைக் கை திருப்புவதற்குப் பதிலாக மின்னழுத்தம் திருப்பலாம்.

மூக்கின் முறையில், அலையியற்றிக்கு அளிக்கும் மின்னழுத்தம் 1 வோல்ட் உயர்ந்தால் அதன் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். அதாவது அதிர்வெண் இரு மடங்காகும். வினாடிக்கு 110 அதிர்வுடைய ஒலி 1 வோல்ட் கூடினால் 220 ஆகவும், 2 வோல்ட் கூடினால் 440 ஆகவும் மாறும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பகுத்தால் அரைச்சுரம் ஒன்றுக்கு 1/12 வோல்ட், ஏறத்தாழ 0.083 வோல்ட், ஆகிறது. புக்லாவின் முறையில் ஒரு ஸ்தாயிக்கு 1.2 வோல்ட் ஆகும். யூரோராக் அலகுகளிற் பெரும்பாலானவை மூக்கின் முறையையே பின்பற்றுகின்றன.

ஒலியாகச் செல்வதும் மின்னழுத்தம். அவ்வொலியை ஆள்வதற்குச் செல்வதும் மின்னழுத்தமே. இரண்டும் ஒரே வகை வடத்தின் வழியே செல்கின்றன. ஆதலின் எந்த அலகின் வெளித்துளையையும் எந்த அலகின் உள்துளையுடனும் இணைக்கலாம். கேட்பதற்கென அமைந்த ஒலியே இன்னோர் அலகை ஆளவும் கூடும். இதனை மனத்திற் கொண்டால் பின்வரும் பயிற்சிகள் யாவும் எளிதில் விளங்கும்.

3. ஆறு அலகுகள்

(அ) அலையியற்றி. மின் அலைகளைத் தொடர்ந்து எழுப்புவது. இதில் ரம்ப அலை, சதுர அலை, முக்கோண அலை எனப் பல வடிவங்கள் கிடைக்கும். ரம்ப அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் முழுவெண் மடங்குகளான மேற்சுரங்கள் யாவும் உண்டு. இரண்டாவதன் வீச்சு அடிப்படையின் வீச்சில் 1/2, மூன்றாவதன் வீச்சு 1/3, இவ்வாறே பிறவும். சதுர அலையில் ஒற்றை மடங்குகள் மட்டுமே உண்டு. எனவே அதன் ஒலி சற்றே உட்குடைந்தாற்போற் கேட்கும்.

(ஆ) வடிகட்டி. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ளவற்றைக் குறைத்துக் கீழுள்ளவற்றை விடுவது. அவ்வெல்லைக்கு வெட்டு அதிர்வெண் என்பது பெயர். மூக் அமைத்த ஏணி வடிவ டிரான்சிஸ்டர் வடிகட்டிக்கு 1969-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அது எல்லைக்கு மேல் ஸ்தாயி ஒன்றுக்கு 24 டெசிபல், அதாவது வீச்சு ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகுமாறு, குறைக்கவல்லது. ஒத்ததிர்வு என்னும் இரண்டாவது குமிழ் எல்லையின் அருகிலுள்ள ஒலிகளை மட்டும் மிகுத்துக் காட்டும்.

(இ) பெருக்கி. ஆளும் மின்னழுத்தத்திற்கு ஏற்ப ஒலியின் உரப்பைக் கூட்டிக் குறைப்பது. ஒலி செல்லும் வாயிற்கதவு என இதனைக் கொள்ளலாம்.

(ஈ) என்வலப் இயற்றி. ஓர் ஒலி எழுந்து, தணிந்து, நிலைத்து, ஓயும் போக்கினை மின்னழுத்தமாக வரைந்து தருவது. எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஓய்வு என்னும் இந்நான்கு பகுப்பும் விளாதிமிர் உஸாச்செவ்ஸ்கி என்னும் இசையமைப்பாளர் 1965-ஆம் ஆண்டில் மூக்கிற்குக் கூறிய யோசனையிலிருந்து வளர்ந்தது.

(உ) மந்த அலையியற்றி. காதுக்கு எட்டாத மெதுவான வேகத்தில் அலைவது. மற்ற அலகுகளின் குமிழ்களைத் திருப்பும் கை எனலாம்.

(ஊ) இரைச்சல் இயற்றி. எல்லா அதிர்வெண்களும் ஒழுங்கின்றிக் கலந்த ஒலியைத் தருவது. நிலையம் கிட்டாத வானொலிப் பெட்டியின் ஒலியை ஒத்தது.

இந்த ஆறினால் எத்தனை வகை இணைப்புகள் அமையும்? ரம்ப அலை, சதுர அலை, வடிகட்டி, என்வலப், மந்த அலை, இரைச்சல் ஆகியவற்றின் வெளித்துளைகள் ஆறு எனக் கொள்வோம். பெருக்கியின் வெளித்துளை ஒலிபெருக்கிக்குச் செல்வதால் அதனைக் கணக்கிற் சேர்க்க வேண்டுவதில்லை. உள்துளைகள் எட்டு எனக் கொள்வோம். ஒவ்வோர் உள்துளையும் ஆறு வெளித்துளைகளுள் ஒன்றை ஏற்கலாம். அல்லது வெறுமையாக இருக்கலாம். ஆக ஒவ்வொன்றுக்கும் ஏழு நிலைகள். ஏழினை எட்டு முறை பெருக்கினால் 57,64,801 ஆகிறது. இவற்றுட் பெரும்பாலானவை ஒலியெழுப்பா, எழுப்பினும் பயன்தரா. எனினும் எஞ்சியவற்றைக் கேட்டு முடிக்கவே ஓராண்டு போதாது. ஆதலின் குருட்டுத்தனமாக வடங்களைச் செருகுவதைவிட, என்ன நிகழும் என்று முன்னரே கருதி, இணைத்துக் கேட்டு, கருதியது சரியா என்று ஒப்பிடுவதே விஞ்ஞான முறையாகும்.

4. பயிற்சிகள்

முதற் பயிற்சி: ஒலியைச் சீவுதல். ரம்ப அலையை வடிகட்டிக்கும், வடிகட்டியைப் பெருக்கிக்கும், பெருக்கியை ஒலிபெருக்கிக்கும் இணைக்க. பெருக்கியைத் திறந்தே வைக்க. அலையியற்றியை வினாடிக்கு 110 அதிர்வில் நிறுத்தி, வெட்டு அதிர்வெண்ணை மேலிருந்து மெதுவாகக் கீழே கொணர்க. கூரிய ஒலி படிப்படியாக மழுங்கி, இறுதியில் மெல்லிய அடிநாதம் மட்டும் எஞ்சும். சுருதி சிறிதும் மாறவில்லை என்பதை மாணவர் கவனிக்கவேண்டும். மாறியது பண்பு மட்டுமே. இப்பொழுது ஒத்ததிர்வைக் கூட்டி, முன்போலவே குமிழை மிக மெதுவாகத் திருப்புக. 880, 770, 660, 550, 440 என மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே ஒலித்துக் கீழிறங்கும். தம்புராவின் நாதத்திற் செவி பழகியோர் இதனை உடனே அடையாளம் காண்பர். ஒரே தந்தியில் பல சுரங்கள் மறைந்திருக்கும் உண்மை இங்கு வெளிப்படுகிறது.

இரண்டாம் பயிற்சி: ஒலிக்கு உருவம் அளித்தல். மேற்கண்ட இணைப்பில் என்வலப்பைப் பெருக்கியின் ஆளும் துளைக்கு இணைத்து, மந்த அலையியற்றியின் சதுர அலையால் அதனை வினாடிக்கு ஒரு முறை தூண்டுக. நிலைப்பு சுழியத்தில் இருக்கட்டும். எழுச்சியை மிகக் குறுக்கி, தணிவை அரை வினாடி ஆக்கினால் தந்தியை மீட்டினாற்போல் ஒலிக்கும். நிலைப்பை முழுமையாக்கி, எழுச்சியைச் சற்றே நீட்டினால் வில்லால் இழைத்தாற்போல் ஒலிக்கும். அலை ஒன்றே, அதன் பிறப்பும் மறைவுமே வேறு. கருவியை நம் செவி அடையாளம் காண்பதில் ஒலியின் தொடக்கம் பெரும்பங்கு கொள்கிறது என்பது இதனால் விளங்கும். பின்னர் மீட்டொலி அமைப்புக்குத் திரும்பி, அதே என்வலப்பை வடிகட்டியின் வெட்டு அதிர்வெண்ணுக்கும் அளிக்க. ஒலி தணியுந்தோறும் மழுங்கவும் செய்யும். மீட்டிய தந்தியில் உயர்ந்த மேற்சுரங்களே முதலில் மடிகின்றன. ஆகவே இவ்வொலி முன்னதைவிட இயற்கையாகத் தோன்றும்.

மூன்றாம் பயிற்சி: கடலும் காற்றும். அலையியற்றியை நீக்கி, இரைச்சலை வடிகட்டிக்கு இணைக்க. மந்த அலையை எட்டு அல்லது பத்து வினாடிக்கு ஒரு முறை அலையுமாறு வைத்து, வெட்டு அதிர்வெண்ணையும் பெருக்கியையும் ஒருங்கே ஆளுமாறு செய்க. கரையில் அலை வந்து மீள்வது போன்ற ஒலி பிறக்கும். ஒத்ததிர்வைக் கூட்டினால் அதுவே கதவிடுக்கிற் புகும் காற்றின் ஊளையாகும். ஒழுங்கற்ற ஒன்றை ஒழுங்கான ஒன்று ஆளும்போது நமக்குப் பழகிய இயற்கை ஒலிகள் தோன்றுவது இங்குக் கவனிக்கத்தக்கது.

நான்காம் பயிற்சி: அசைவு ஒலியாதல். மீண்டும் அலையியற்றியை வடிகட்டிக்கு இணைத்து, மந்த அலையை அலையியற்றியின் சுருதித் துளைக்கு அளிக்க. வேகம் வினாடிக்கு ஆறு இருக்கட்டும். இங்குத் தொடக்கநிலையாளர் யாவரும் ஒரே பிழையைச் செய்வர். மந்த அலை பொதுவாக +5 வோல்ட் முதல் −5 வோல்ட் வரை செல்வது. அதனை முழுமையாக அளித்தால் சுருதி ஐந்து ஸ்தாயி ஏறி ஐந்து ஸ்தாயி இறங்கும். கேட்பது ஊதற்சங்கின் அலறலே. குரலில் நிகழ்வது போன்ற மென்மையான அசைவுக்கு மேலும் கீழும் கால்சுரம், அதாவது 1/24 வோல்ட், போதும். அது 5 வோல்ட்டில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆகவே ஆளும் மின்னழுத்தத்தின் அளவைக் குறைக்கும் குமிழே இக்கருவியில் மிக முக்கியமான குமிழ் எனலாம். நல்ல ஒலிகளிற் பல, அக்குமிழின் முதற் பத்தில் ஒரு பங்கிலேயே கிடைக்கின்றன.

இனி அசைவின் வேகத்தைப் படிப்படியாக உயர்த்துக. வினாடிக்கு ஆறில் அசைவாகக் கேட்டது, பன்னிரண்டில் நடுக்கமாகும். இருபதைத் தாண்டியதும் அசைவு என்னும் உணர்வே மறைந்து, ஒலியின் பண்பு கரகரப்பாக மாறும். நூறைக் கடந்தால் முற்றிலும் புதிய ஒலியொன்று கேட்கும். காலத்தில் நிகழும் அசைவாகச் செவி அறிந்த ஒன்றை, அதே செவி இப்பொழுது பண்பாக அறிகிறது. அசைவிற்கும் பண்பிற்கும் இடையே உள்ள எல்லை நம் செவியில் உள்ளதேயன்றி மின்னழுத்தத்தில் இல்லை. இந்த ஒரு பயிற்சிக்காகவே இக்கருவியை வகுப்பிற்குக் கொணரலாம்.

ஐந்தாம் பயிற்சி: மணியோசை. ஒத்ததிர்வை மேன்மேலும் கூட்டினால் பல வடிகட்டிகள் ஒரு நிலையில் தாமே ஒலிக்கத் தொடங்கும். ஏறத்தாழத் தூய சைன் அலை பிறக்கும். இவ்வாறு வடிகட்டியே இரண்டாவது அலையியற்றி ஆகிவிடுகிறது. இந்நிலையில் வடிகட்டிக்கு ஒலி எதுவும் அளிக்காமல், அலையியற்றியின் முக்கோண அலையை வெட்டு அதிர்வெண்ணை ஆளும் துளைக்கு அளிக்க. வடிகட்டியைப் பெருக்கிக்கு இணைத்து, விரைந்து எழுந்து இரண்டு வினாடியில் தணியும் என்வலப்பால் பெருக்கியைத் திறக்க.

இங்கு நிகழ்வது அதிர்வெண் பண்பேற்றம். வடிகட்டியின் நடு அதிர்வெண் 400 என்றும், ஆளும் அலை 100 என்றும் கொண்டால், 400-ஐச் சுற்றி 300, 500, 200, 600 எனப் பக்க ஒலிகள் தோன்றும். இவை யாவும் 100-இன் மடங்குகள். ஆகவே ஒரே சுரம் போல இணைந்து ஒலிக்கும். ஆளும் அலையை 140 ஆக்கினால் பக்க ஒலிகள் 260, 540, 120, 680 என அமையும். இவற்றிடையே எளிய முழுவெண் உறவு இல்லை. செவி இவற்றை ஒரே தந்தியின் மேற்சுரங்களாக ஏற்பதில்லை. உலோகத் தட்டையோ மணியையோ அடித்தாற்போற் கேட்கும். இம்முறையின் பயனை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்பார் 1967-ஆம் ஆண்டிற் கண்டு 1973-இல் வெளியிட்டார்; அவர் அதனைக் கணிப்பொறியால் நிகழ்த்தினார்.

பண்பேற்றத்தைக் கூட்டும்போது சுருதி சற்று ஏறுவதுபோல் தோன்றக்கூடும். காரணம் எளிது. 400 அதிர்விலிருந்து 1 வோல்ட் ஏறினால் 800, இறங்கினால் 200. ஏற்றம் 400, இறக்கம் 200 மட்டுமே. ஆகவே சராசரி மேலே நகர்கிறது. மடங்கு முறையில் ஏறுவதற்கும் கூட்டல் முறையில் ஏறுவதற்கும் உள்ள வேற்றுமையைக் கணித ஆசிரியர் இவ்விடத்தில் எடுத்துக்காட்டலாம்.

ஆறாம் பயிற்சி: நீர்த்துளி. வடிகட்டி தானே ஒலிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே ஒத்ததிர்வைக் குறைக்க. மந்த அலையின் சதுர வடிவை, ஆளும் துளைக்கன்றி, வடிகட்டியின் ஒலித்துளைக்கே அளிக்க. சதுர அலை மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வடிகட்டி தட்டுண்டு, ஒரு கணம் ஒலித்து அடங்கும். வெட்டு அதிர்வெண் உயர்வாக இருந்தால் நீர்த்துளி, நடுவில் இருந்தால் மரக்கட்டை, தாழ்ந்திருந்தால் தோற்கருவி. வினாடிக்கு 2 அலைவு அளித்தும் 4 தட்டு கேட்பதேன் என்று மாணவரைக் கேட்க. அலைவு ஒன்றுக்கு ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று என்று அவர்களே கண்டு சொல்வர்.

ஏழாம் பயிற்சி: தானே மாறும் ஒலி. சில என்வலப் இயற்றிகள் முடிந்தவுடன் தாமே மீண்டும் தொடங்கும் அமைப்புடையன. அத்தகையதை ஏழு வினாடிக்கு ஒரு முறை சுழலுமாறு வைத்துப் பெருக்கியை ஆளச் செய்க. மந்த அலையை நான்கு வினாடிக்கு ஒரு முறை அலையவிட்டு, ரம்ப அலை செல்லும் வடிகட்டியை ஆளச் செய்க. ஒலி ஏழு வினாடிக்கு ஒரு முறை எழும். ஒவ்வொரு முறையும் வடிகட்டி வேறொரு நிலையில் இருக்கும். 28 வினாடியில், நான்கு எழுச்சிகளுக்குப் பின், அனைத்தும் முதலிலிருந்து திரும்பும். நான்கு வினாடியை 4.1 வினாடி ஆக்குக. இப்பொழுது 287 வினாடி, அதாவது 4 நிமிடம் 47 வினாடி, கழிந்த பின்னரே முதல் நிலை திரும்பும். அதற்குள் எழும் 41 ஒலிகளும் ஒன்றுபோல் மற்றொன்று இரா. மீச்சிறு பொது மடங்கு என்னும் கணக்கினைச் செவியாற் கேட்கும் வழி இது.

5. சில எச்சரிக்கைகள்

ஒத்ததிர்வைக் கூட்டும்போது ஒலி திடீரென்று மிகும். ஆகவே செவிக்கருவி அணிந்தவர் முதலில் உரப்பைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். யூரோராக் அலகுகளின் ஒலி மின்னழுத்தம் உச்சிக்கு உச்சி ஏறத்தாழ 10 வோல்ட். சாதாரண ஒலிபெருக்கிச் சாதனம் எதிர்பார்ப்பதை விட இது பன்மடங்கு மிகுதி. எனவே குறைத்தே அளிக்கவேண்டும். இரு வெளித்துளைகளை நேரே ஒன்றோடொன்று இணைத்தல் ஆகாது. இரண்டையும் சேர்க்கக் கலப்பான் என்னும் அலகு உண்டு. அலகினைச் சட்டத்திற் பொருத்தும்போது மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். பட்டை வடத்திலுள்ள நிறக்கோடு −12 வோல்ட் பக்கத்தைக் குறிப்பது வழக்கம். அதனை மாற்றிச் செருகினால் அலகு கெடக்கூடும்.

கருவி வாங்க நிதியில்லாத பள்ளிகள் மனந்தளர வேண்டுவதில்லை. 2017-ஆம் ஆண்டு முதல் விசிவி ராக் என்னும் கணிப்பொறி நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இவ்வலகுகள் யாவும் திரையில் தோன்றும்; வடங்களையும் திரையிலேயே இணைக்கலாம். மேற்கண்ட பயிற்சிகள் அனைத்தையும் அதிற் செய்து பார்க்க இயலும். கண்காட்சி நடத்தும் களப்பணியாளர் ஒரு கணிப்பொறியையும் ஒலிபெருக்கியையும் மட்டும் கொண்டு சென்றால் போதும்.

6. அகமதாபாத் தரும் பாடம்

இக்கருவி நம் நாட்டிற்குப் புதியதன்று. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ஆம் ஆண்டிலேயே மூக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பெற்றது. டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைக்கலைஞர் அதனை அமைப்பதில் துணைபுரிந்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்துர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கு இசைப்படைப்புகளை நாடாவிற் பதிவு செய்தனர். மின்னணு இசை உலகிற் புதிதாய்த் தழைத்த காலத்திலேயே நம்மவரும் அதில் ஈடுபட்டிருந்தனர் என்பது பெருமைக்குரியது.

ஆயினும் அந்நாடாக்கள் பல பத்தாண்டுகள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே தங்கிவிட்டன. பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்கஸ் என்னும் கலைஞர் அவற்றைத் தேடிக் கண்டார்; 2023-ஆம் ஆண்டில் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. இடைப்பட்ட காலத்தில் நம் நாட்டில் இக்கலையைக் கற்க விரும்பியவர்களுட் பலர், தமக்கு முன்னோர் ஒருவரும் இலர் என்றே எண்ணியிருக்கக்கூடும்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய படிப்பினை ஒன்று உண்டு. மாடுலர் கருவிக்கு நினைவு இல்லை. வடத்தைப் பிடுங்கிய கணமே அவ்வொலி அழிந்துபோகிறது. குமிழ் ஒரு நூலிழை நகர்ந்தாலும் அதே ஒலி மீள்வது அரிது. ஆகவே வகுப்பில் ஒரு குறிப்பேடு இருத்தல் இன்றியமையாதது. எந்த வெளித்துளை எந்த உள்துளைக்குச் சென்றது, ஒவ்வொரு குமிழும் எந்நிலையில் நின்றது, கேட்ட ஒலி எத்தகையது, முன்னரே கருதியதற்கும் கேட்டதற்கும் என்ன வேற்றுமை என்பவற்றை மாணவர் தம் சொல்லில் எழுதவேண்டும். ஆசிரியர் மாறலாம், கருவி பழுதாகலாம், குறிப்பேடு நின்றால் அடுத்து வருவோர் விட்ட இடத்திலிருந்து தொடர்வர். ஆறு அலகுகளும் ஒரு நல்ல குறிப்பேடும் உடைய பள்ளி, நூறு அலகுகள் உடைய, ஆனால் எதனையும் எழுதிவையாத கூடத்தைவிட நெடுந்தூரம் செல்லும்.

பயிற்சி வினாக்கள்

1. ரம்ப அலையும் சதுர அலையும் ஒரே சுருதியில் ஒலிக்கும்போது அவற்றின் பண்பு வேறுபடுவதேன்?

2. 1 வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்னும் முறையில், 220 அதிர்வுடைய ஒலியை 1,760 அதிர்வுக்கு உயர்த்த எத்தனை வோல்ட் வேண்டும்?

3. நடு அதிர்வெண் 500, ஆளும் அலை 125 ஆயின், முதல் நான்கு பக்க ஒலிகள் யாவை? அவை ஒரே சுரம் போல் ஒலிக்குமா, மணி போல் ஒலிக்குமா? காரணங் கூறுக.

4. மூன்று வினாடிக்கு ஒரு முறையும், ஐந்து வினாடிக்கு ஒரு முறையும் சுழலும் இரு அசைவுகள் எத்தனை வினாடிக்கு ஒரு முறை ஒன்றுகூடும்? ஐந்தினை 5.1 ஆக்கினால் யாது நிகழும்?

5. வடிகட்டியை வடிகட்டியாக அன்றி வேறு இரு வகையிற் பயன்படுத்தும் முறைகளைக் கூறி, அவற்றின் இணைப்பைப் படம் வரைந்து விளக்குக.